புள்ளி ஏறினால் படி ஏறும்

1984-இல் திருவொற்றியூரில் ஒரு தொழிற்சாலையில் ஹெல்பராகச் சேர்ந்தேன். முதல் மாதச் சம்பளம் 640 ரூபாய். பழுப்புக் கவர், மேலே பென்சிலில் டோக்கன் நம்பர். உள்ளே இருக்கும் சீட்டில் அடிப்படைச் சம்பளத்தைவிடப் பெரிய தொகையாக ஒரு வரி இருக்கும், பஞ்சப்படி. மூத்த தொழிலாளிகள் கவரைப் பிரித்ததும் முதலில் தேடுவது அதைத்தான். "இந்தத் தடவை எத்தனை புள்ளி ஏறியிருக்குது?" என்பார்கள்.

சென்னை நகர விலைவாசிக் குறியீடு ஏற ஏற, புள்ளிக்கு இவ்வளவு என்று படி கூடும். அரிசி, பருப்பு, மண்ணெண்ணெய், துணி, வாடகை எல்லாம் அந்தக் கணக்குக்குள் வரும். விலை ஏறி நாளான அப்புறம்தான் படி ஏறும், உண்மைதான். ஆனாலும் ஏறும். யாரிடமும் போய்க் கெஞ்ச வேண்டியதில்லை. 1918-இல் பி அண்ட் சி மில் தொழிலாளர்களை வைத்துச் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்த வடசென்னை இது. படியைக் கணக்குப் பார்த்து வாங்க எங்களுக்குக் கற்றுக்கொடுத்த பெரியவர்கள் அந்தப் பழக்கத்தில் வளர்ந்தவர்கள்.

அன்று காலடிப்பேட்டையில் எனக்கு வாடகை 120. சம்பளத்தில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. எதிர்வீட்டுப் பையன் மணலியில் காண்ட்ராக்டில் வேலை பார்க்கிறான். சம்பளம் 16,000, வாடகை 6,500. எங்களைப் பாடாய்ப் படுத்திய அரிசிச் செலவு அவனுக்கு இல்லை. 2011-இலிருந்து ரேஷன் அரிசி இலவசம். அதைச் சொல்லாமல் விடுவது நியாயமில்லை. அவன் கழுத்தைப் பிடிப்பது வாடகையும் பிள்ளையின் பள்ளிக் கட்டணமும். 2021-இல் விம்கோ நகர் வரை மெட்ரோ வந்ததும் வீட்டுக்காரர் ஒரேயடியாக ஆயிரம் ஏற்றிவிட்டார்.

போன மாதம் சம்பளச் சீட்டைப் போனில் காட்டினான். மொத்தமாக ஒரே தொகை. பஞ்சப்படி எங்கே என்று கேட்டேன்.

"அப்படின்னா என்ன பெரியப்பா?"

மனசு கனத்துப்போனது. குறைந்தபட்ச ஊதியத்தில்கூடப் பஞ்சப்படி உண்டு, ஏப்ரலுக்கு ஏப்ரல் அதைத் திருத்துவார்கள் என்று உட்காரவைத்துச் சொன்னேன். யாரும் அவனிடம் சொன்னதே இல்லை.

எனக்கும் இப்போது அந்த வரி இல்லை. பி.எஃப்.-ஓடு சேர்ந்த 1995 ஓய்வூதியத் திட்டத்தின்படி வருகிற ஓய்வூதியத்துக்குப் பஞ்சப்படி கிடையாது. 2019-இல் முதல் மாதம் வந்தது 3,240 ரூபாய். இந்த மாதமும் 3,240. சர்க்கரை மாத்திரைக்கும் பிரஷர் மாத்திரைக்குமே பாதி போய்விடுகிறது.

சீட்டை பிரிண்ட் எடுத்துக்கொண்டு வா, ஞாயிற்றுக்கிழமை சங்க ஆபீசுக்குப் போகலாம் என்றிருக்கிறேன். ஷிப்ட் மாற்றித் தருவார்களா என்று கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்றான்.