பேய்த் தீவுக்கு மூலப்பத்திரம் இருக்கா?

என் மாமனார் சார்பதிவாளராக இருந்து ரிட்டயர் ஆனவர். ஒரு இடத்தைப் பார்த்தால் நமக்கெல்லாம் அதன் அழகு கண்ணில் படும். அவருக்கு நான்கெல்லைதான் படும். சிட்னிக்கு வந்த புதிதில் ஓபரா ஹவுஸைக் காட்டினோம். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிதானமாகப் பார்த்துவிட்டு, "கடலை ஒட்டியே கட்டியிருக்கானுவளே, இது புறம்போக்கால்லா இருக்கும்?" என்றார். இப்பேர்ப்பட்ட மனிதரைத்தான் குரூஸ் கப்பலில் கூட்டிக்கொண்டு போனோம்.

குரூஸ் என்பது என் வீட்டுக்காரரின் யோசனை. வயதானவர்களை ஊர் ஊராக அலையவிட வேண்டாம், பெட்டியை ஒரே தடவை பிரித்து ஒரே தடவை கட்டினால் போதும் என்றார். சிட்னியில் கிளம்பி, பசிபிக் கடலில் இருக்கும் தீவு நாடுகளான நியூ கலிடோனியா, வனுவாட்டு பக்கம் ஒரு சுற்று சுற்றிவிட்டுத் திரும்பும் கப்பல். கப்பல் சாப்பாட்டைப் பற்றி எழுத ஆரம்பித்தால் அது தனிப் பதிவாகிவிடும். அத்தை ஒரு பாட்டில் நார்த்தங்காய் ஊறுகாயோடு ஏறினார், வெறும் பாட்டிலோடு இறங்கினார். அவ்வளவு சொன்னால் போதும்.

நான் சொல்ல வந்தது மிஸ்டரி ஐலண்ட் சமாச்சாரம். வனுவாட்டு நாட்டின் தெற்குக் கோடியில் அனெய்ட்டியும் என்று ஒரு மலைத்தீவு இருக்கிறது. அதன் எதிரே, கண்ணுக்கெட்டும் தூரத்தில் தட்டையாக ஒரு குட்டித்தீவு. உள்ளூர்க்காரர்கள் அதை இன்யெக் என்கிறார்கள். மிஸ்டரி ஐலண்ட் என்பது கப்பல் பயணிகளுக்காக வைத்த பெயர். மெதுவாக நடந்தாலும் ஒரு மணி நேரத்துக்குள் ஒரு சுற்று வந்துவிடலாம். ரோடு இல்லை, ஓட்டல் இல்லை, குடியிருப்பவர் ஒருத்தரும் இல்லை. ஆனால் ஏர்போர்ட் இருக்கிறது.

முந்தின நாள் ராத்திரி இதைப் படித்துச் சொன்னதும் மாமாவுக்குத் தூக்கம் போய்விட்டது. "ஆளே இல்லாத தீவுக்கு எதுக்கும்மா ஏர்போர்ட்? யார் பேர்ல சாங்ஷன் ஆச்சு?" பெரிய தீவு முழுக்க மலை, விமானம் இறங்கத் தோதான சமதரை இந்தக் குட்டித்தீவில்தான், அந்த ஊர் ஜனங்கள் இங்கே வந்து இறங்கி அப்புறம் படகு பிடித்து வீட்டுக்குப் போவார்கள் என்று விளக்கினேன். "ஓகோ" என்றார். நம்பவில்லை என்பது அந்த ஓகோவிலேயே தெரிந்தது.

இவ்வளவு பெரிய கப்பல் அந்தத் துண்டுத் தீவை நெருங்க முடியாது. பவளப்பாறைக்கு வெளியே நங்கூரம் போட்டுவிட்டு, கப்பல் பக்கவாட்டில் தொங்கும் படகுகளை இறக்கி அதில்தான் ஆட்களைக் கரைக்கு அனுப்புவார்கள். அதற்கு டோக்கன். டோக்கன் வாங்கியவர்கள் தியேட்டரில் உட்கார்ந்து, நம்பர் கூப்பிட்டால் எழுந்து போக வேண்டும். நூற்றுக்கணக்கான பேர் முண்டாமல் உட்கார்ந்திருந்ததைப் பார்த்து மாமா உருகிப்போனார். "எங்க ஆபீஸ்லயும் டோக்கன் வச்சோம்மா. டோக்கன் வாங்கறதுக்கு ஒரு புரோக்கர் வந்துட்டான்."

படகில் ஏறும் இடத்தில் பையைச் சோதித்தார்கள். கப்பலில் இருந்து பழமோ, சமைத்த சாப்பாடோ தீவுக்குக் கொண்டுபோகக் கூடாது. பூச்சி, விதை, நோய் எதுவும் அங்கே போய் ஒட்டிக்கொள்ளக் கூடாது என்று கண்டிப்பு. அத்தையின் பையில் எவர்சில்வர் டப்பா. காலை பஃபேயில் வெறுஞ்சோறும் தயிரும் எடுத்து, கேபினுக்குள் ரகசியமாகப் பிசைந்த தயிர்சாதம். டப்பாவைத் திறந்து பார்த்த பிலிப்பைன்ஸ் பையன் வருத்தமாகத் தலையை ஆட்டினான். அத்தையா விடுவார்? "பச்சக் கொழந்தைக்குப்பா" என்று தமிழிலேயே சொல்லி, என் மகளை முன்னால் தள்ளினார். அந்தப் பச்சைக் குழந்தை நான்காம் வகுப்பு படிக்கிறது. பையன் டப்பாவைக் காட்டினான், படகைக் காட்டிக் கையை விரித்தான், பிறகு வாயைக் காட்டிக் கட்டைவிரலை உயர்த்தினான். சோற்றைத் தூரப் போடுவதாவது! காலை ஒன்பது மணிக்கு அந்த இரும்புக் கதவோரம் நின்று, வருகிற போகிற வெள்ளைக்காரர்கள் வேடிக்கை பார்க்க, குடும்பமே ஆளுக்கொரு கவளம் வாங்கித் தின்றோம். உப்பு கம்மி.

கரையில் கிட்டார், உகுலேலே சகிதம் ஒரு கோஷ்டி பாடிக்கொண்டிருந்தது. தண்ணீரைப் பற்றி என்ன எழுதுவது? இடுப்பளவு ஆழத்தில் நின்றாலும் கால் விரல் நகம் தெரிந்தது. என் வீட்டுக்காரர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு ஸ்நார்க்கல் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கடலுக்குள் போனவர்தான், அப்புறம் மத்தியானம்தான் தென்பட்டார். ஆமை பார்த்தாராம். கண்ணாடி இல்லாமல் அவர் பார்த்தது ஆமைதானா என்பதில் எனக்கு இன்னும் சந்தேகம் உண்டு.

மரத்தடியில் வரிசையாகக் கடைகள். கப்பல் வருகிற அன்றைக்கு எதிர்த் தீவில் இருக்கும் அனெல்கவ்ஹட் என்ற ஊரில் இருந்து ஜனங்கள் படகுகளில் துணிமணி, இளநீர், சிங்கி இறால், அடுப்பு, பெஞ்சு முதற்கொண்டு ஏற்றி வந்து கடை விரிக்கிறார்கள். சாயங்காலம் மொத்தத்தையும் சுருட்டிக்கொண்டு போய்விடுவார்கள். நம்மூர் தேரோட்டத்துக்கு முளைக்கிற கடைத்தெரு மாதிரிதான். ஒரே வித்தியாசம், இங்கே தேர் கடலில் நிற்கிறது. ஆஸ்திரேலிய டாலரை வாங்கிக்கொள்கிறார்கள். தலைப் பின்னல் போடும் அக்காவிடம் மகளை ஒப்படைத்துவிட்டு நாங்கள் பாய் கடைக்குப் போனோம்.

அத்தைக்குச் சொந்த ஊர் பத்தமடைக்குப் பக்கம். பாய் விஷயத்தில் அவரிடம் யாரும் வாய் திறக்க முடியாது. தாழை ஓலையில் முடைந்த ஒரு பாயை எடுத்தார். முதலில் முகர்ந்தார், பிறகு விளிம்பை நகத்தால் நெம்பினார், வெயிலுக்கு எதிரே பிடித்து இடைவெளி பார்த்தார். "நம்ம கோரைக்கு முன்னால நிக்காது. ஆனா மடிப்பு சுத்தமா இருக்கு." கடைக்கார அம்மாள் விலை சொன்னார். அத்தை பாதி விலைக்கு விரலைக் காட்டினார். அந்த அம்மாள் சிரித்தார். அத்தை ஒரு விரலைக் கூட்டினார். அவர் இன்னும் அழகாகச் சிரித்தார். வனுவாட்டுவில் பேரம் பேசும் பழக்கமே கிடையாது, சொன்ன விலைதான் விலை என்று அத்தையின் காதில் சொன்னேன். "எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க, நீ வா" என்று பாயை வைத்துவிட்டு விடுவிடுவென்று நடந்தார். தெரிந்த வித்தைதானே, பத்தடி போவதற்குள் பின்னாலிருந்து கூப்பிட்டாக வேண்டும். பத்தடி போனோம். இருபதடி போனோம். குரல் வரவில்லை. அத்தை செருப்பைச் சரிசெய்வது போலக் குனிந்து பின்னால் பார்த்தார். அந்த அம்மாள் பக்கத்துக் கடையோடு பேசிக்கொண்டிருந்தார். திருநெல்வேலி டவுனையே நடுங்க வைத்தவர் தானாகவே திரும்பி நடந்து, கேட்ட காசைக் கொடுத்துப் பாயை வாங்கினார். "பாவம், பிள்ளைகுட்டிக்காரியா இருக்கா" என்று காரணமும் சொன்னார்.

அடுத்து நரமாமிசப் பானை. இந்தத் தீவுக்கு வந்தவர் வீட்டு ஆல்பத்தில் எல்லாம் இந்தப் படம் இருக்கும். அடியில் விறகு அடுக்கிய பெரிய பானை, சுற்றிலும் முகத்தில் கோலம் போட்டு ஈட்டி பிடித்த ஆட்கள். காசு கொடுத்தால் பானைக்குள் உட்கார வைத்து, உங்களை வேகவைப்பது போல போஸ் கொடுப்பார்கள். "வெள்ளிக்கிழமையும் அதுவுமா நான் கொப்பரையில உக்காரணுமாக்கும்" என்று அத்தை ஒதுங்கிக்கொண்டார். மாமா ஏறினார். வேட்டியை மடித்துக் கட்டி, எண்ணெய்க் குளியலுக்கு உட்காருகிற தோரணையில் உட்கார்ந்தார். ஒருவர் ஈட்டியை மாமாவின் கழுத்துக்குப் பக்கத்தில் நீட்டிப் பல்லைக் கடித்துக் கண்ணை உருட்டினார். க்ளிக் ஆனதும் அதே ஆள் ஈட்டியைக் கீழே போட்டுவிட்டு, முழங்கால் வலிக்கப் போகிறது, மெதுவாக என்று மாமாவின் அக்குளில் கைகொடுத்துத் தூக்கிவிட்டார். கீழே இறங்கிய மாமா கேட்டது ஒரே கேள்விதான்: "ரிசீட்?"

ரசீது இல்லை. ஆனால் அந்த ஈட்டிக்காரர் ஒரு விஷயம் சொன்னார். பானையெல்லாம் வெள்ளைக்காரன் கார்ட்டூனில் இருந்து வந்ததாம். இவர்கள் முன்னோர்கள் எதைச் சமைத்தாலும் மண்ணில் குழி வெட்டி, சுட்ட கல்லைப் போட்டு, இலையில் சுற்றித்தான் வேகவைப்பார்களாம். இவரோ ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பாடுகிறவர். அனெய்ட்டியுமுக்கு 1848-லேயே ஜான் கெடி என்ற பாதிரியார் வந்துவிட்டார். மாமா பானையைத் திரும்பிப் பார்த்து, "அப்ப இது போலி ஆவணம்" என்று தீர்ப்பு எழுதினார்.

அதற்குப் பிறகு மாமாவைக் காணவில்லை. எனக்குத் தெரியாதா எங்கே இருப்பார் என்று? ஏர்போர்ட்டுக்குப் போனேன். ஏர்போர்ட் என்றால் நடுவில் நீளமாக ஒரு புல்வெளி, ஓரத்தில் ஒரு கொட்டகை. கொட்டகை நிழலில் ஒரு உள்ளூர்ப் பெரியவரும் மாமாவும் தொடை தட்டிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். மாமாவின் ஆங்கிலமும் பெரியவரின் பிஸ்லாமாவும் (வனுவாட்டுக்காரர்கள் பேசும் பொதுமொழி) எந்த இடத்தில் கைகோத்தன என்று தெரியவில்லை.

"கேட்டியாம்மா கதைய! இந்தத் தீவுல பேய் இருக்குன்னு இவங்க ஆளுங்க ராத்தங்கவே மாட்டாங்களாம். அதான் காலியா கெடக்கு. 1844-ல ஜேம்ஸ் பாடன்னு ஒரு சந்தனக்கட்டை வியாபாரி வந்திருக்கான். சீனாவுக்கு ஏத்துமதி பண்றவன். இடம் கேட்டிருக்கான். இவங்க என்ன செஞ்சாங்க தெரியுமா? கோடாலி, பாசிமாலைன்னு கொஞ்சம் சாமானை வாங்கிக்கிட்டு, பேய் இருக்கற இடத்தை அப்படியே அவன் தலையில கட்டிட்டாங்க! சர்வீஸ்ல எத்தனை வில்லங்கம் பாத்திருப்பேன், இந்த மாதிரி பாத்ததில்ல."

"பேய் அவனை என்ன செஞ்சது?"

"ஒண்ணும் செய்யலியாம். அங்கதான் இவங்களுக்கு ஏமாத்தம்."

பெரியவர் இன்னொன்றும் சொன்னார், அதில் சிரிப்பு இல்லை. பேய் செய்யாததைக் கப்பல்கள் கொண்டுவந்த நோய்கள் இந்த ஜனங்களுக்குச் செய்தன. 1861-ல் வந்த தட்டம்மையில் மட்டும் அனெய்ட்டியும் ஜனத்தில் மூன்றில் ஒரு பங்கு போய்விட்டதாம். காலையில் தயிர்சாதத்தைத் தடுத்த பையன் மேல் எனக்கிருந்த கோபம் அங்கேயே இறங்கிவிட்டது.

மாமா விடவில்லை. இப்போது நிலம் யார் பேரில் இருக்கிறது என்று கேட்டார். 1980-ல் சுதந்திரம் வந்தபோதே நிலமெல்லாம் பூர்வகுடிகளுக்குத்தான் சொந்தம் என்று அரசியல் சட்டத்தில் எழுதிவிட்டார்களாம். வெளியாட்கள் வாங்கவே முடியாது, குத்தகைதான், அதுவும் அதிகபட்சம் 75 வருஷம். எல்லைக்கு என்ன அத்தாட்சி என்றார் மாமா. இந்த மரம், அந்தப் பாறை, அப்புறம் யாருடைய தாத்தா எங்கே தோட்டம் போட்டார் என்பது ஊருக்கே தெரியும் என்றார் பெரியவர். மாமா கவலையாகிவிட்டார். "நாங்களும் கீழ்பால் வேப்பமரம்னு எழுதிக் கொடுத்தோம். மரம் பட்டுப்போச்சு, கேஸு மூணு தலைமுறையா நடக்குது." நான் மொழிபெயர்த்ததும் பெரியவர் மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டார். அங்கேயும் மரம் படும் போலிருக்கிறது.

கடைசிப் படகுக்கு என் வீட்டுக்காரர் ஈரத்துணியோடு ஓடி வந்து எங்களைத் துரத்தவேண்டி வந்தது. வழியெல்லாம் மாமா குத்தகைக் கணக்கிலேயே இருந்தார். "75 வருஷம்னா நம்ம பேத்தி காலம் வரைக்கும் ஓடும். ஒரு ஓலைக் கொட்டகை போட்டா..." அத்தை பாயை இந்தத் தோளில் இருந்து அந்தத் தோளுக்கு மாற்றினார். "தாராளமா போடுங்க. பேய் பயப்படாதான்னு மட்டும் ஒரு வார்த்தை கேட்டுக்கிடுங்க."

சிட்னியில் இறங்கும்போது ஆஸ்திரேலிய அரசாங்கத்தின் படிவம் கொடுத்தார்கள். மரம், ஓலை, சிப்பி, மண் எது இருந்தாலும் சொல்லியாக வேண்டும். மாமா படிவத்தில் இடம் போதாமல் தனித்தாளில் அட்டவணை தயாரித்தார். இனம் 1: தாழை ஓலைப் பாய், மூன்றடிக்கு ஐந்தடி, விளிம்பு மடித்தது. இனம் 2: பேத்தியின் பின்னலில் பாசிமணிகள். இனம் 3: மேற்படியார் செருப்பின் அடியில் ஒட்டியுள்ள இன்யெக் தீவு மண், அளவு சொற்பம். கீழே தேதி போட்டுக் கையெழுத்து, பக்கத்தில் அத்தையின் சாட்சிக் கையெழுத்து. அந்தத் தமிழ்த் தாளை நான் அதிகாரிக்கு வாசித்துக் காட்டினேன். அந்தப் பெண் பாயைப் பிரித்துப் பூச்சி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். செருப்பை மட்டும் உள்ளே எடுத்துப் போய், மண் போகச் சுத்தமாகக் கழுவித் துடைத்துக் கொண்டுவந்து, இரண்டு கையாலும் நீட்டினார்.

மாமா செருப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "புதுசு மாதிரி ஆக்கிட்டாங்களே. எம்மா, உன் செருப்பையும் எழுதியிருக்கலாம்."