வாடியவர் மூட்டிய அடுப்பு

வடலூருக்குப் பெரும்பாலும் தைப்பூசத்தன்றுதான் கூட்டம் கூட்டமாகப் போவார்கள். அன்று அங்கே வள்ளலார் இராமலிங்க அடிகள் அமைத்த சத்திய ஞான சபையில் ஏழு திரைகளும் விலகி முழு ஜோதியைத் தரிசிக்கலாம். நான் போனது மாதந்தோறும் வரும் பூச நாள் ஒன்றுக்கு. அன்று ஆறு திரைகளை மட்டுமே விலக்குவார்கள். எனக்கு அது போதுமாக இருந்தது.

நான் புற்றுநோய்ப் பிரிவில் செவிலியர். பணி முடிந்து வீட்டுக்கு வந்தாலும் சில முகங்கள் கூடவே வந்துவிடும். கைபேசியைத் திறந்தால் எங்கோ நடக்கும் போரில் தாயைத் தேடி அழும் குழந்தை. மனசு மரத்துப்போனால் நிம்மதி என்று தோன்றிய நாட்கள் உண்டு. அப்படி மரத்துப்போய்விடுமோ என்று பயந்த நாட்களும் உண்டு. இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி இருக்கிறதா என்று கேட்க வேண்டுமென்றால், அந்த வள்ளல் பெருமானிடம்தான் போக வேண்டும் என்று பட்டது.

'வாடிய பயிரைக் கண்டபோதெல்லாம் வாடினேன்' என்ற அடி எல்லோருக்கும் தெரியும். ஆனால் பாட்டு அதோடு முடிவதில்லை. வீடு வீடாக இரந்தும் பசி தீராதவரைக் கண்டு பதைத்தேன் என்கிறார். நெடுநாள் நோயில் கிடப்பவரைக் கண்டு துடித்தேன் என்கிறார். கடைசியில், கேட்கக் கூசும் மானம் உள்ள ஏழைகளைக் கண்டு இளைத்தேன் என்கிறார். அந்தக் கடைசிக் கூட்டத்தைக் கவனிக்க எத்தனை நுட்பமான மனசு வேண்டும்! எங்கள் பிரிவிலும் அவர்கள் உண்டு. மருந்துக்குப் பணம் இல்லை என்பதைச் சொல்லாமல், "அடுத்த வாரம் வந்து வாங்கிக்கறேம்மா" என்று எழுந்து போவார்கள்.

ஜோதி தரிசனத்தைப் பற்றி முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சத்திய ஞான சபை எண்கோண வடிவம், சுற்றிலும் இரும்புச் சங்கிலி. கொலையும் புலையும் (புலால் உண்பது) தவிர்த்தவர்களே உள்ளே புகலாம் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். 1872 தைப்பூசத்தன்று முதல் வழிபாடு நடந்த இடம் இது. இருட்டிய பிறகு திரைகள் ஒவ்வொன்றாக விலகின. சுற்றி நின்றவர்கள் 'அருட்பெருஞ்சோதி அருட்பெருஞ்சோதி, தனிப்பெருங்கருணை அருட்பெருஞ்சோதி' என்று ஒரே குரலில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஜோதி தெரிந்தது சில நொடிகள்தான். கண்ணில் நீர் வந்தது. தனிப்பெருங்கருணை என்று அவர் பாடியது இறைவனை. அந்தக் கருணையின் முழு பாரத்தையும் என் தோளில் ஏற்றிக்கொள்ளும்படி யாரும் கேட்கவில்லை என்பது அங்கே நின்றபோது நன்றாக உறைத்தது.

ஆனால் எனக்கு விடை கிடைத்த இடம் சபை இல்லை. அன்று பகலில் போயிருந்த சத்திய தருமச்சாலை.

1867 மே 23 அன்று பெருமானார் தம் கையால் அங்கே அடுப்பை மூட்டினார். பார்வதிபுரத்து மக்கள் சுமார் 80 காணி நிலம் கொடுத்தார்கள். 21 அடி நீள அடுப்பு அது. அன்று பற்றிய நெருப்பை அணையவிடாமல் காத்து வருகிறார்கள். சாதி, மதம், ஊர் எதுவும் கேட்காமல் வருகிறவர்களுக்கெல்லாம் சோறு போடுகிறார்கள். அனல் முகத்தில் அடிக்க அந்த அடுப்பின் முன் நின்றேன். ஊரார் துன்பமெல்லாம் தன்னைத் துளைத்தது என்று பாடியவர், அந்தத் துடிப்போடு உட்கார்ந்துவிடவில்லை. மனிதருக்கு வரும் துன்பங்களில் பசியை முதலில் பிடித்துக்கொண்டார். எல்லோருக்கும் பொதுவானது, நாள் தவறாமல் வருவது, இன்னொரு மனிதனின் கையால் இன்றைக்கே தீர்க்கக்கூடியது. அவருடைய இரக்கம் அரிசியும் விறகுமாக மாறியது அப்படித்தான்.

காய் நறுக்கும் இடத்தில் ஆள் குறைவாக இருந்ததால் நானும் உட்கார்ந்தேன். பக்கத்தில் அறுபதைத் தாண்டிய ஒரு அம்மா. பூசணிக்காயைப் பத்தை போட்டுக்கொண்டே என் வேலையைப் பற்றி விசாரித்தார். சொன்னேன். பிறகு, "இங்க வர்றவங்க கஷ்டத்தையெல்லாம் பார்க்கறீங்களே, தாங்குதாம்மா?" என்று கேட்டேன்.

"சொன்னா காது குடுத்துக் கேப்பேன். நானா தோண்டிக் கேக்க மாட்டேன். இலையில சோறு இருக்கா, தண்ணி இருக்கான்னு பாப்பேன். மத்தியானப் பந்தி முடிஞ்சா வீட்டுக்குப் போயிடுவேன். ராத்திரிக்கு வேற ஆளு வராங்க இல்ல?"

சொல்லிவிட்டு அடுத்த பூசணியை எடுத்தார். எனக்கு அந்தக் கடைசி வாக்கியம்தான் ஓடிக்கொண்டே இருந்தது. ராத்திரிக்கு வேற ஆளு வராங்க.

யோசித்துப் பாருங்கள். அடுப்பை மூட்டிய பிறகு பெருமானார் தருமச்சாலையில் தங்கியது 1870 வரைதான். அப்புறம் சில கிலோமீட்டர் தள்ளி இருக்கும் மேட்டுக்குப்பத்துக்குப் போய்விட்டார். 1874 ஜனவரி 30 அன்று அங்கே தாம் தங்கியிருந்த சித்திவளாகம் என்ற இல்லத்தில் அறைக்குள் புகுந்து கதவைச் சாத்திக்கொண்டார். அதற்குப் பிறகு இன்றுவரை அந்த நெருப்பைக் காத்தவர்கள் வேறு வேறு கைகள். பெயர் தெரியாத எத்தனையோ ஆண்களும் பெண்களும். ஒருவரே காவல் இருந்திருந்தால் அது எப்போதோ அணைந்திருக்கும்.

ஜீவகாருண்யம், அதாவது உயிர்களிடம் காட்டும் இரக்கத்தைப் பற்றி அவர் எழுதியதிலும் இந்த நிதானம் இருக்கிறது. குடும்பத்தாரைப் பசியில் வருந்தவிட்டு அயலாருக்குச் சோறிடப் போவது கடவுளுக்குச் சம்மதமல்ல. குடும்பத்தை மட்டும் பார்த்துக்கொண்டு அயலார் பசியைப் பாராமல் இருப்பதும் சம்மதமல்ல என்ற பொருளில் சொல்கிறார். அவரவர் தரத்துக்கு ஏற்றபடி செய்யச் சொல்கிறார். அத்தனை உருகியவர் இப்படி அளவு சொல்லியிருப்பதை நான் பெரிய ஆறுதலாக எடுத்துக்கொள்கிறேன்.

சாப்பிட்டுவிட்டு மேட்டுக்குப்பம் போனேன். சித்திவளாகத்தில் கூட்டம் இல்லை. அவர் புகுந்த அறைக்கு வெளியே கொஞ்ச நேரம் உட்கார்ந்தேன். வாடிய பயிருக்காக வாடியவருக்கும் தனியே இருக்க ஓர் இடம் வேண்டியிருந்தது. அவர் அந்தத் தனிமைக்குப் போன காலத்திலும் வடலூரில் பந்தி நடந்துகொண்டுதான் இருந்தது. நான் வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு தூங்குவதும் யாருக்கும் செய்யும் துரோகமில்லை என்று அங்கே மனசார நம்பினேன்.

ஊர் திரும்பிய பிறகு சில விஷயங்களை மாற்றிக்கொண்டேன். இரவில் போர்ச் செய்திகளைப் பார்ப்பதில்லை. காலையில் ஒருமுறை படிப்பேன். வெளியூரிலிருந்து நோயாளியோடு வந்து வராண்டாவில் படுத்திருப்பவர்களுக்கு, நானும் தோழிகள் இருவரும் முறை வைத்துக் காலைச் சாப்பாடு கொண்டுபோகிறோம். எத்தனை பேருக்கு முடியுமோ அத்தனை பேருக்கு. பணி முடியும்போது ஒவ்வொரு படுக்கையாகப் போய் விவரம் சொல்லி அடுத்து வரும் செவிலியரிடம் ஒப்படைப்பது எங்கள் வழக்கம். இப்போது ஒவ்வொரு படுக்கையருகிலும் அருட்பெருஞ்சோதி மந்திரத்தை மனதுக்குள் ஒருமுறை சொல்கிறேன். கையெழுத்துப் போட்டுவிட்டு, பேருந்தைப் பிடிக்கக் கிளம்பிவிடுகிறேன்.