தொழிற்பயிற்சி போதனாசிரியருக்கு எந்தச் சான்றிதழ்? இங்கிலாந்தின் மாற்றமும் நமது பெஞ்சும்

ஹட்டன், நுவரெலியா, பதுளைப் பக்கம் வயரிங், தையல், வெல்டிங் படிப்பிக்கும் போதனாசிரியர்களிடம் அடிக்கடி ஒரு கேள்வி வரும். என்.வி.கியூ (தேசியத் தொழிற்றகைமை) மட்டம் 4 இருக்கிறது, கைவேலை தெரியும், கற்பிப்பதற்கென்று தனியாக என்ன எடுப்பது? கூடவே கையில் ஒரு விளம்பரத் துண்டும் இருக்கும்: இங்கிலாந்து 'லெவல் 5' டிப்ளோமா, ஒன்லைனில். காசு கட்டுவதற்கு முன்னால், அந்த நாட்டிலேயே இந்தச் சான்றிதழ்கள் பட்ட பாட்டைத் தெரிந்துகொள்வது நல்லது.

இங்கிலாந்தில் தொழிற்கல்லூரிகளில் புதிதாகச் சேரும் ஆசிரியருக்குக் கற்பித்தல் தகைமை வேண்டும் என்ற விதி 2001இல் வந்தது. 2007 செப்டெம்பரில் அதை இறுக்கி மூன்று படிகளாக்கினார்கள்: பி.டி.எல்.எல்.எஸ் (அறிமுகப் படி), சி.டி.எல்.எல்.எஸ் (சான்றிதழ்), டி.டி.எல்.எல்.எஸ் (டிப்ளோமா). முழுநேர ஆசிரியர் வருடத்துக்கு 30 மணித்தியாலம் தன் தொழில்சார் அறிவைப் புதுப்பித்துக் கணக்குக் காட்டவும் வேண்டியிருந்தது. 2012இல் லிங்ஃபீல்ட் பிரபு தலைமையிலான மீளாய்வு, இந்தக் கட்டாயம் எதிர்பார்த்த பலனைத் தரவில்லை என்றது. 2013 செப்டெம்பரில் விதியையே எடுத்துவிட்டு, யாருக்கு என்ன தகைமை வேண்டும் என்பதைக் கல்லூரிகளே தீர்மானிக்கட்டும் என்று விட்டார்கள். மூன்று படிகளுக்கும் புதுப் பெயர்கள் வந்தன: 12 கிரெடிட் அவார்ட், 36 கிரெடிட் சர்டிஃபிகேட், 120 கிரெடிட் டிப்ளோமா. 2024 செப்டெம்பரில் அந்த டிப்ளோமாவின் இடத்துக்கும் வேறொரு லெவல் 5 டிப்ளோமா வந்தது. இது ஆசிரியர் தொழிலுக்கென்று வகுத்த தர நியமத்தை ஒட்டி அமைந்தது.

ஆகவே விளம்பரத்தில் 'டிப்ளோமா இன் எடியுகேஷன் அண்ட் ட்ரெய்னிங்' என்று இருந்தால், அது 2013இல் வந்த அந்தப் பழைய டிப்ளோமாவின் பெயர். செல்லாதது என்று அர்த்தமில்லை. ஆனால் புதிதாகப் பணம் கட்டிச் சேர்வதற்கு அது சரியான இடமா என்று பார்க்கவேண்டும். ஒஃப்குவால் என்ற இங்கிலாந்து ஒழுங்குபடுத்தும் அமைப்பின் பதிவேடு இணையத்தில் இலவசம். நிறுவனத்திடம் தகைமை இலக்கத்தைக் கேட்டு வாங்கி அதில் போட்டுப் பாருங்கள். புதிதாகச் சேர்ப்பதற்கான கடைசி நாளும் சான்றிதழ் வழங்குவதற்கான கடைசி நாளும் தனித்தனியாகப் போட்டிருக்கும். இலக்கம் தரத் தயங்குகிறவர்களிடம் மேற்கொண்டு பேச ஒன்றுமில்லை.

இத்தனை பெயர் மாற்றத்துக்குள்ளும் 2013 தொகுதியில் கவனிக்கவேண்டிய ஒன்று உண்டு: ஆள் பக்கத்தில் இருந்து பார்க்கக் கற்பிக்கவேண்டும். அவார்டில் சக மாணவர்கள் முன்னால் குறைந்தது 15 நிமிடப் பாடம். சர்டிஃபிகேட்டில் 30 மணித்தியாலக் கற்பித்தல், அதில் மூன்று பாடங்களை ஒருவர் உட்கார்ந்து பார்ப்பார். டிப்ளோமாவில் 100 மணித்தியாலம், எட்டு பாடங்கள். வீடியோ பார்த்துக் கட்டுரை எழுதி முடிக்கும் கற்கைநெறி எந்தப் பெயரில் வந்தாலும், யாரும் உங்கள் வகுப்பை வந்து பார்க்காவிட்டால் அதில் பாதிதான் இருக்கிறது.

நம் பக்கம் கணக்கு வேறு. என்.வி.கியூ ஏழு மட்டங்கள் கொண்டது. 4 வரை சான்றிதழ், 5உம் 6உம் டிப்ளோமா, 7 பட்டம். இதை நிர்வகிப்பது 1990ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டப்படி வந்த மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழு. தொழிற்கல்வியில் பட்டம் வரை போக விரும்புகிறவர்களுக்கு இரத்மலானையில் யுனிவோடெக் என்ற தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் இருக்கிறது, 2008ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வந்தது. மட்டம் 4 நீங்கள் தொழிலில் கெட்டிக்காரர் என்று சொல்கிறது. அந்தத் தொழிலை இன்னொருவர் கைக்கு மாற்றத் தெரியுமா என்பது அந்தத் தாளில் இல்லை. மதிப்பீட்டாளராகப் பதிவு பெறுவதும் வேறு விஷயம். இங்கிலாந்து டிப்ளோமா அதற்குப் பதிலாகாது.

சரி, வகுப்புக்கு வருவோம். ஒரே பல்பைக் கீழேயும் மேலேயும் உள்ள இரண்டு சுவிட்சாலும் போடும் படிக்கட்டு பல்பு வயரிங்கை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு சுவிட்சிலும் கொமன் என்ற பொது முனையும், எல்-1, எல்-2 என்ற இரண்டு முனைகளும் இருக்கும். கீழ் சுவிட்சின் கொமனுக்கு உயிர்க்கம்பி, மேல் சுவிட்சின் கொமனிலிருந்து பல்புக்கு, இடையில் எல்-1 எல்-1க்கு, எல்-2 எல்-2க்கு. தொழில் தெரிந்தவருக்கு ஐந்து நிமிட வேலை. வகுப்பில் அங்கேதான் பிழை வருகிறது. 16 பேருக்கு 4 பலகை வைத்தால் ஒரு பலகையில் இருவர் வேலை செய்வார்கள், இருவர் வேடிக்கை பார்ப்பார்கள். இரண்டு பேருக்கு ஒரு பலகை வேண்டும். 2 அடிக்கு 2 அடி பிளைவுட், இரண்டு டூ-வே சுவிட்ச், ஒரு ஹோல்டர், கடையில் 1/1.13 என்று கேட்டு வாங்கும் 1 சதுர மில்லிமீற்றர் வயர் போதும்.

முதல் தடவை பேசாமல், வழக்கமான வேகத்தில் செய்துகாட்டுங்கள். இரண்டாம் தடவை மெதுவாக, ஒவ்வொரு முனையையும் சொல்லிச் சொல்லி. மூன்றாம் தடவை பிள்ளைகள் சொல்ல நீங்கள் செய்யுங்கள்; அவர்கள் தப்பாகச் சொன்னால் தப்பாகவே மாட்டுங்கள். நாலாவதுதான் அவர்கள் கை. பெரும்பாலான போதனாசிரியர்கள் மூன்றாவதை விட்டுவிடுகிறார்கள், நேரம் போகுமென்று. பிறகு "சேர், எரிய மாட்டேங்குது" என்று எட்டுப் பலகையிலிருந்தும் சத்தம் வரும்போது அதைவிட அதிக நேரம் போகிறது.

அநேகமாக நடந்திருக்கும் பிழை, உயிர்க்கம்பி கொமனில் இல்லாமல் எல்-1இல் ஏறியிருப்பது. அப்போது கீழ் சுவிட்ச் ஒரு பக்கம் இருந்தால் மேல் சுவிட்ச் வேலை செய்யும். மறுபக்கம் போனால் மேலே எத்தனை தடவை அமுக்கினாலும் பல்பு எரியாது. இதைக் கண்டவுடன் ஸ்குரூ ட்ரைவரை வாங்கி நீங்களே கழற்றிப் போடாதீர்கள். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, "எந்தப் பக்கம் இருக்கும்போது எரியவில்லை?" என்று மட்டும் கேளுங்கள். வகுப்பைப் பார்க்க வருபவர் கவனிப்பதும் இதைத்தான்: தவறைக் கண்டுபிடித்த கை யாருடையது?

மின்சாரம் கொடுப்பதற்கு முன் மல்டிமீற்றரில் தொடர்ச்சி பார்த்தாகவேண்டும். பலகைகளுக்குப் போகும் இணைப்பு மின்கசிவு வந்தால் தானாக அணையும் 30 மில்லி அம்பியர் டிரிப் சுவிட்ச் வழியாகத்தான் போகவேண்டும். பழைய லயத்து வீடுகளில் சிவப்பு உயிர்க்கம்பியும் கறுப்பு நியூட்ரலுமாக வயர் ஓடியிருக்கும். இப்போதைய வயரிங்கில் பிரவுண் உயிர்க்கம்பி, நீலம் நியூட்ரல். இரண்டையும் ஒரே நாளில் காட்டுங்கள். கறுப்பை உயிர்க்கம்பி என்று நினைக்கிற பிள்ளை கட்டாயம் ஒருவர் இருப்பார்.

மொழிப் பிரச்சினை தனி. பெஞ்சில் ஆறு மாதம் ஆர்த், நியூட்ரல், பிரேக்கர் என்று பேசிவிட்டு, தமிழ் வினாத்தாளில் புவித்தொடுப்பு, நொதுமல், சுற்றுடைப்பான் என்று கண்டால் வேலை தெரிந்த பிள்ளையும் திகைத்துப் போகும். சொல்லைப் பாடமாக்கச் சொல்வதில் பிரயோசனம் இல்லை. பலகையில் ஒவ்வொரு பாகத்துக்குப் பக்கத்திலும் இரண்டு பெயரையும் மாஸ்கிங் டேப்பில் எழுதி ஒட்டுங்கள். மூன்றாவது வாரம் பேச்சுவழக்குப் பெயர் உள்ள டேப்பை மட்டும் உரித்துவிடுங்கள்.

பாடத்திட்டம் எழுதும்போது முதல் 10 நிமிடத்தில் முக்கியமான எதையும் வைக்காதீர்கள். மழை நாளில் தோட்டத்திலிருந்து வரும் பஸ் பிந்தும், பாதிப் பேர் அந்த நேரத்தில்தான் உள்ளே வருவார்கள். கரண்ட் போனால் ப்ரொஜெக்டரும் போகும். டூ-வே சுற்றை சோக்கட்டியால் கரும்பலகையில் வரையப் பழகியிருங்கள். தாளின் அடியில் ஒரு வரி விட்டு, அன்றைக்கு எந்தப் பலகையில் என்ன பிழை வந்தது என்று வகுப்பு முடிந்தவுடன் குறித்துவையுங்கள். நாளைக்கு மதிப்பீட்டுக்கோ மேற்படிப்புக்கோ உங்கள் கற்பித்தலுக்கு ஆதாரம் கேட்டால், கோப்பில் வைக்க முதலில் எடுக்கவேண்டிய தாள்கள் இவைதான்.