பாடாத பாட்டுக்கும் லைசென்ஸ்: எங்கள் ஜாஸ் சிடி வெளியே வந்த கதை

ஒரு பாட்டுக்கு 37 டாலர் 20 சென்ட். வேறொருவர் இயற்றிய பாட்டை வாசித்து 300 சிடி போடுவதற்கு, ஐந்து நிமிடத்துக்குள் முடிகிற ஒரு பாட்டுக்கு 2024 கணக்குப்படி அதன் உரிமையாளருக்கு நாங்கள் கட்ட வேண்டியது அவ்வளவுதான், பிரதிக்கு 12.4 சென்ட். அமெரிக்கச் சட்டமே நிர்ணயித்த விலை. பேரமும் கிடையாது, மறுப்பதற்கும் வழி கிடையாது. அந்தக் காசை வாங்கிக்கொள்ளச் சொல்லி நான் போனில் தொங்கிய நேரத்துக்கு மணிக்கூலி போட்டால் இன்னொரு சிடியே போட்டிருக்கலாம். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்.

நாங்கள் நான்கு பேர்: டெனர் சாக்ஸபோன், பியானோ, டிரம்ஸ், டபுள் பாஸோடு நான். எல்லோருக்கும் பகலில் வேறு வேலை, வார இறுதியில் நியூ ஜெர்சிப் பக்கம் கச்சேரி. நியூயார்க்கின் பிராட்வே அரங்குகளில் ஓடிய பழைய இசை நாடகங்களின் பாட்டுகளைக் குரலில்லாமல் வாத்தியத்திலேயே வாசித்து ஒரு ஆல்பம் போடலாம் என்றார் பியானிஸ்ட். புது யோசனை ஒன்றும் இல்லை. 1956இல் டிரம்மர் ஷெல்லி மேன், பியானோவில் ஆந்த்ரே பிரெவின், பாஸில் லெராய் வின்னகர் என்று மூன்றே பேர் 'மை ஃபேர் லேடி' நாடகத்தின் பாட்டுகளை மட்டும் வைத்து ஒரு முழு ஆல்பம் வாசித்தார்கள். அது சக்கைப்போடு போட்டது. பல பேர் நடந்த பாதைதானே, சுலபமாக இருக்கும் என்று இறங்கினோம்.

வாசிப்பது சுலபமாகத்தான் இருந்தது. ஒரே ஒரு இடைஞ்சல், ஸ்டுடியோவின் ஹீட்டர். புரூக்ளினில் பழைய கட்டடம், நவம்பர் மாதம், நீராவியில் ஓடுகிற இரும்பு ரேடியேட்டர். 'மை ஃபன்னி வாலன்டைன்' எடுத்துக்கொண்டிருக்கிறோம். டிரம்மர் பிரஷ்ஷால் தடவுகிறார், பியானோ ஒதுங்கி எனக்கு இடம் விடுகிறது. நான் மேல் ஸ்வரத்துக்கு விரலை நகர்த்தும்போது மூலையிலிருந்து டங், டங், டங். குழாய்க்குள் யாரோ சுத்தியலோடு உட்கார்ந்திருப்பது போல. வால்வை மூடலாமா என்று கேட்டோம். மூடினாலும் குழாய் தட்டுமாம். பாய்லர் மொத்தக் கட்டடத்துக்கும் பொது. நியூயார்க்கில் அக்டோபர் முதல் மே வரை வீடுகளுக்குச் சூடு கொடுத்தே ஆக வேண்டும் என்று சட்டம், மேல் மாடிகளில் குடித்தனங்கள். கடைசியில் சவுண்ட் இன்ஜினியர் ரேடியேட்டர் எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை தட்டுகிறது என்று பார்த்து, தட்டி ஓய்ந்ததும் கை காட்டுவார், நாங்கள் ஆரம்பிப்போம். நல்ல டேக் அப்படித்தான் கிடைத்தது. வாடகை பேசப் போகும்போது பியானோவைத் தட்டிப் பார்க்கிறோம், மைக் பட்டியல் கேட்கிறோம். குளிர்காலமென்றால் ஹீட்டர் ஓடும்போது ஐந்து நிமிடம் சும்மா உட்கார்ந்து காதைக் கொடுங்கள்.

அடுத்தது உரிமை. எங்கள் பட்டியலில் பாதி, உரிமைக்காலம் முடிந்த பாட்டுகள். அமெரிக்காவில் அந்தக் காலத்துப் பாட்டுகளுக்கு வெளியான ஆண்டிலிருந்து 95 ஆண்டு காப்புரிமை. 1927இல் வந்த 'ஃபன்னி ஃபேஸ்', 'ஷோ போட்' நாடகங்களின் பாட்டுகள் 2023 ஜனவரி 1 முதல் பொதுச்சொத்து. 1928 பாட்டுகள் 2024இல். மீதிப் பாட்டுகளுக்கு மெக்கானிக்கல் லைசென்ஸ், அதாவது பிறர் பாட்டைப் பதிவு செய்து பிரதி போட்டு விற்பதற்கான அனுமதி, வாங்க வேண்டும்.

பல பாட்டுகளுக்கு இணையத்திலேயே பணம் கட்டி முடித்தாயிற்று. ஒன்றே ஒன்று மட்டும் தேடலில் அகப்படவில்லை. அந்தப் பாட்டின் உரிமையை வைத்திருக்கும் இசைப் பதிப்பகத்துக்கு நேரடியாகப் போன் போட்டேன். எடுத்த அம்மணி, "எந்த நாடகத்துப் பாட்டு?" என்றார். சொன்னேன். "அப்படியானால் நாடகப் பிரிவு" என்று தள்ளிவிட்டார். நாடகப் பிரிவு ஒரு படிவம் அனுப்பியது. அரங்கில் எத்தனை இருக்கை? எத்தனை காட்சி? டிக்கெட் விலை? ஐயா, நாங்கள் நாடகம் போடவில்லை, நான்கு பேர் ஒரு அறையில் உட்கார்ந்து வாசித்துவிட்டோம் என்று பதில் போட்டால், அது எங்கள் வேலை இல்லை, இசைப் பிரிவிடம் போங்கள் என்றார்கள். இசைப் பிரிவில் மறுபடியும் அதே அம்மணி, அதே கேள்வி: "எந்த நாடகம்?"

இதில் என் மனைவி வேறு. "பாடவே இல்லையேங்க, வரி எழுதினவருக்கு எதுக்கு நாம காசு குடுக்கணும்?" நியாயமான கேள்விதான். ஆனால் மெட்டும் வரியும் சேர்ந்து ஒரே படைப்பாகப் பதிவானால் வாத்தியத்தில் மட்டும் வாசித்ததற்காகத் தள்ளுபடி கிடையாது. முழு விலைதான்.

முடிச்சு அவிழ்ந்தது சட்டப் புத்தகத்தால். காப்புரிமைச் சட்டத்தின் 115ஆம் பிரிவு: முறையாக ஒருமுறை பதிவாகி வெளியான பாட்டை வேறு யாரும் வாசித்துப் பதிவு செய்யலாம். உரிமையாளரின் சம்மதம் தேவையில்லை. வெளியிடுவதற்கு முன், பதிவு செய்த 30 நாளுக்குள், முறைப்படி நோட்டீஸ் கொடுத்து, விற்றதற்குக் கணக்கும் காசும் அனுப்பினால் போதும். "115ஆம் பிரிவின்படி நோட்டீஸ் அனுப்புகிறோம், எந்த முகவரிக்கு?" என்று ஒரே ஒரு வரி மின்னஞ்சல் போட்டேன். மறுநாள் காலை லைசென்ஸ் தயார் என்று பதில், கூடவே அன்பான விசாரிப்பு.

இப்போது யாராவது கேட்டால் நான் சொல்வது: போன் எடுத்ததும் "மெக்கானிக்கல் லைசென்ஸ், சிடி, 300 பிரதி, வாத்தியம் மட்டும்" என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுங்கள். அவர்களாகக் கேட்கும்வரை நாடகத்தின் பெயரை எடுக்காதீர்கள்.

இன்னொன்று, பாட்டின் நீளம். ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் நிமிடக் கணக்கு, 2024இல் நிமிடத்துக்கு 2.38 சென்ட். அரைகுறை நிமிடமும் முழு நிமிடமே. எங்கள் 'ஆல் தி திங்ஸ் யூ ஆர்' 7 நிமிடம் 10 விநாடி வந்தது. அதற்கு 8 நிமிடக் காசு. கடைசியில் டிரம்ஸின் சிம்பல் தட்டு ஓசை அடங்குவதற்காக விட்டிருந்த நீண்ட மௌனத்தைக் கொஞ்சம் கத்தரித்ததும் 6:58 ஆயிற்று. மிச்சம் 7 டாலர் 14 சென்ட். சாக்ஸபோன்காரர் இதை இன்றைக்கும் பெருமையாகச் சொல்லித் திரிகிறார்.

லைசென்ஸ் எல்லாம் கையில், இனி என்ன என்று சிடி தயாரிக்கும் நிறுவனத்துக்கு அனுப்பினால், அங்கே நின்றது. அதுவும் லைசென்ஸே தேவைப்படாத பாட்டுக்காக. கெர்ஷ்வின் சகோதரர்களின் ''ஸ் வொண்டர்ஃபுல்'. பெயரே அபாஸ்ட்ரஃபி என்கிற ஒற்றைக் குறியில்தான் தொடங்குகிறது. அவர்களுடைய படிவம் அந்தக் குறியையும் அடுத்த எழுத்தையும் விழுங்கிவிட்டு வெறும் 'வொண்டர்ஃபுல்' என்று பதிந்துகொண்டது. சரிபார்ப்பவர் அந்தப் பெயரில் இருக்கும் வேறொரு பாட்டுக்கு லைசென்ஸ் எங்கே என்று கேட்டு ஆர்டரை நிறுத்திவிட்டார். அது இது இல்லை, இது 1927 என்று விளக்கினால், "பொதுச்சொத்து என்று நீங்கள் சொன்னால் போதாது, ஆதாரம் வேண்டும்."

நல்லவேளை, ஆதாரம் பையிலேயே இருந்தது. ஜாஸ்காரர்கள் நம்பியிருக்கும் 'ரியல் புக்' வகை இசைக்குறிப்புத் தொகுப்புகளில் மேடைப் பாட்டின் முன்பகுதி பல நேரம் இருக்காது, கோரஸ் என்கிற முக்கியப் பகுதி மட்டும்தான். பியானிஸ்டுக்கு அந்த முன்பகுதி வேண்டும். அதற்காக லிங்கன் சென்டரில் உள்ள நியூயார்க் பொது நூலகத்தின் நிகழ்த்துகலைப் பிரிவுக்குப் போய் அசல் இசைத்தாளை எடுத்துப் பார்த்திருந்தோம். அங்கிருந்த நூலகர் தங்கமான மனிதர். முதல் பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் காப்புரிமை ஆண்டு 1927. அந்தப் பக்கத்தின் நகலை அனுப்பியதும் வாயை மூடிக்கொண்டார்கள். உரிமை முடிந்த ஒவ்வொரு பாட்டுக்கும் இப்படி ஒரு பக்கம் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அசல் பதிப்பாக இருக்க வேண்டும். பாட்டு பொதுச்சொத்து ஆனாலும், பிற்பாடு யாரோ அதை வாத்தியங்களுக்கு மாற்றி எழுதிய அரேஞ்ச்மென்ட் அவருடைய சொத்தாகவே இருக்கும்.

இந்த இழுபறியில் ஆண்டு திரும்பிவிட்டது. 2025இல் கட்டணம் 12.7 சென்ட், பாட்டுக்கு 90 சென்ட் கூடுதல். அடடா என்று தலையில் கை வைத்தால், பியானிஸ்ட் சிரிக்கிறார். பட்டியலில் கோல் போர்ட்டரின் 'வாட் இஸ் திஸ் திங் கால்ட் லவ்' இருந்தது. 1929 பாட்டு. ஜனவரி 1 அன்று அதுவும் பொதுச்சொத்தாகிவிட்டது! இழுத்தடித்த புண்ணியவானுக்கு நன்றி. (இதெல்லாம் அமெரிக்காவுக்குள்தான். ஐரோப்பாவில் ஆசிரியர் இறந்து 70 ஆண்டு ஆக வேண்டும். போர்ட்டர் காலமானது 1964இல்.)

ஸ்ட்ரீமிங்குக்கு அமெரிக்காவில் தனியாக மெக்கானிக்கல் லைசென்ஸ் வாங்கத் தேவையில்லை. 2021 முதல் ஒட்டுமொத்த லைசென்ஸ் முறை வந்துவிட்டதால் அந்தந்தத் தளமே கட்டிவிடும். இது தெரியாமல் இடைத்தரகர்களுக்கு இரண்டாவது தடவை அழுதவர்களை எனக்குத் தெரியும். ஆனால் வீடியோ போட்டால் கதை வேறு. படத்தோடு இசையைச் சேர்க்க 'சிங்க்' உரிமை வேண்டும், அதற்கு 115 உதவாது, உரிமையாளர் முடியாது என்றால் முடியாதுதான். அதனால் ஸ்டுடியோவில் எடுத்த வீடியோக்களில் பொதுச்சொத்துப் பாட்டுகளை மட்டும் ஏற்றினோம். அதற்கும் 'இது எங்கள் பாட்டு' என்று ஒரு தானியங்கி உரிமைக் கோரிக்கை வந்து விழுந்தது. 1928 பாட்டுக்கு! இசைத்தாளின் ஆண்டைக் குறிப்பிட்டு மறுப்பு அனுப்பியிருக்கிறேன், பதில் இன்னும் வரவில்லை.

சிடி வந்து இறங்கிவிட்டது. கச்சேரி முடிந்து போகிறவர்கள் வாங்குகிறார்கள். இதற்குள் 2026இல் விடுபடும் 1930 பாட்டுகளுக்குப் பியானிஸ்ட் பட்டியல் எழுத ஆரம்பித்துவிட்டார். முதல் பெயர் 'ஐ காட் ரிதம்'. ஸ்டுடியோவை ஜூனில் பிடிக்கச் சொல்லியிருக்கிறேன்.