பொலிஸுக்குப் போகமுன் கையில் இருக்கவேண்டிய பிரதி

புருஷன் இன்னொருத்தியைக் கட்டிவிட்டான் என்று தெரிந்த அன்றே பலர் பொலிஸுக்கு ஓடுகிறார்கள். இரண்டாவது விவாகப் பதிவின் அத்தாட்சிப் பிரதி கையில் இல்லாமல் போனால், அது "குடும்பப் பிணக்கு" ஆகி, சமாதானம் பேசுவதிலேயே நின்றுவிடும். கல்யாணப் படம் போதாது. இருதார மண வழக்கில் இரண்டு விவாகமும் நடந்ததை நிரூபிக்கவேண்டும். அயலவர் அவர்களைப் புருஷன் பெண்சாதி என்று நினைத்தார்கள் என்பதால் மட்டும் குற்றம் நிலைக்காது.

பிரதி எடுப்பது பிரதேச செயலகத்தில். கொழும்பு நகரத்துக்குள்ளேயே இரண்டு இருக்கின்றன: கொட்டாஞ்சேனையில் நடந்த பதிவுக்குக் கொழும்பு செயலகம், வெள்ளவத்தையில் நடந்த பதிவுக்குத் திம்பிரிகஸ்யாய செயலகம். தெஹிவளைக்கு வேறு. முன்பு பதிவு நடந்த இடத்துச் செயலகத்துக்கே போகவேண்டும்; இப்போது கணினியில் ஏற்றப்பட்ட பதிவுகளின் பிரதியை வேறு செயலகங்களிலும் எடுக்கலாம். பதிவு இலக்கமோ திகதியோ தெரிந்தால் வேலை சுலபம். தெரியாவிட்டால் தேடுதலுக்கு விண்ணப்பிக்கவேண்டும். அங்கேதான் பெயர் சிக்கல் வரும். முதல் பதிவில் முதலெழுத்து மட்டும், இரண்டாவதில் முழுப்பெயர் என்றிருந்தால், ஆள் ஒருவரே என்று காட்ட அடையாள அட்டை இலக்கமும் சத்தியக்கடதாசியும் தேவைப்படும்.

கோயிலில் தாலி கட்டி, பதியாமல் விட்டவர்களுக்குக் கஷ்டம் கூடுதல். வழக்காற்று விவாகம் செல்லும். ஆனால் சடங்கு செய்த ஐயரையும் முன்னால் நின்றவர்களையும் சாட்சிக்குக் கொண்டுவரவேண்டும். வயதானவர்களாக இருந்தால் நாள் கடத்தாதீர்கள்.

பொலிஸில் உங்கள் வாக்குமூலத்தைத் தமிழில் எழுதக் கேளுங்கள். விளங்காத சிங்களத்தில் கையெழுத்து வைத்தால், பிறகு குறுக்கு விசாரணையில் அந்த வரிகளே உங்களைத் திருப்பிக் கேட்கும். இருதார மணத்துக்கு இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையின் 362பி பிரிவில் 7 வருடம் வரை சிறை. முதல் கல்யாணத்தை மறைத்துச் செய்திருந்தால் 362சி, 10 வருடம் வரை. ஏமாற்றப்பட்ட இரண்டாவது பெண்ணும் இதில் பாதிக்கப்பட்டவள்தான்; அவளை எதிரியாக நினைத்து நல்ல சாட்சியை இழந்தவர்கள் உண்டு.

எதிர்த்தரப்பு சொல்லும் சாட்டுகள் பெரும்பாலும் மூன்று. "மதம் மாறிவிட்டேன்": இஸ்லாத்துக்கு மாறி இரண்டாவதாகக் கட்டியவர் தப்பிய ரீட் வழக்கின் பலத்தில் ஒரு காலத்தில் இது செல்லுபடியானது, 1998 இலங்கைச் சட்ட அறிக்கையில் வந்த அபேசுந்தர வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்தக் கதவை மூடிவிட்டது. "விவாகரத்து எடுத்தாச்சு": இடைக்காலத் தீர்ப்பா இறுதித் தீர்ப்பா என்று பாருங்கள், இரண்டுக்கும் இடையில் குறைந்தது மூன்று மாதம் இருக்கும், அதற்குள் கட்டினால் குற்றமே. "ஏழு வருடமாக அவளைப் பற்றித் தகவல் இல்லை": அது உண்மையாக இருந்து, புதுப் பெண்ணிடமும் சொல்லியிருந்தால்தான் தப்பலாம்.

குற்ற வழக்கு இழுபடும், அதில் வீட்டுச் செலவுக்கு ஒரு சதமும் வராது. ஆகவே நீதவான் நீதிமன்றத்தில் 1999இன் 37ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் தாபரிப்பு வழக்கைத் தனியாகப் போடுங்கள். அவனுடைய சம்பளப் பத்திரத்தின் பிரதி கிடைத்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. இரண்டாவது பெண் சட்டப்படி மனைவி இல்லை, ஆனால் அவளுடைய பிள்ளைக்கும் தாபரிப்பு உண்டு. இது பல முதல் மனைவிகளுக்குக் கசக்கும். சட்டத்தரணிக்குக் காசில்லை என்றால் புதுக்கடையில் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. வருமான விபரமும் விவாகப் பிரதியும் கொண்டுபோங்கள்.

இரண்டாவது கல்யாணம் இன்னும் நடக்கவில்லை, பதிவாளரிடம் விவாக அறிவித்தல் மட்டும் கொடுத்திருக்கிறான் என்றால், பதிவாளரிடம் உங்கள் விவாகப் பிரதியோடு எழுத்தில் ஆட்சேபணை கொடுங்கள். வாயால் சொல்லிவிட்டு வராதீர்கள்.