ரங்கூன் தூணில் கொள்ளுத்தாத்தா பெயர்

மியான்மரின் யாங்கூனிலிருந்து (பழைய ரங்கூன்) வடக்கே பியே சாலையில், விமான நிலையத்தைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனால் தௌக்யான். போர்க் கல்லறைத் தோட்டம் சாலையை ஒட்டியே இருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் இறந்த 6,374 பேர் இங்கே அடக்கம். நான் தேடி வந்தவருக்குக் கல்லறை கிடையாது.

அவர் என் கொள்ளுத்தாத்தா. வேலூர் அணைக்கட்டுப் பக்கம் ஊர். ராணுவப் பொறியாளர் படையான மெட்ராஸ் சாப்பர்ஸில் சேர்ந்து, பெங்களூரு அல்சூர் ஏரிக்கரை முகாமில் பயிற்சி முடித்து, பர்மாவுக்குப் போனார். சாப்பர் வேலை சாதாரணமானதல்ல. படைக்கு முன்னால் போய்ப் பாலம் போட வேண்டும், கண்ணிவெடி எடுக்க வேண்டும். பின்வாங்கும்போது எல்லோரும் கடந்த பிறகு அதே பாலத்துக்கு வெடி வைப்பவர்களும் இவர்கள்தான்.

1945-ல் தந்தி வந்தபோது தாத்தாவுக்கு மூன்று வயது. கொள்ளுப்பாட்டி பென்ஷனிலும் கூலி வேலையிலும் பிள்ளையை ஆளாக்கினார். தந்தி எப்போதோ தொலைந்துபோனது. இறந்த நாள் தெரியாதவர்களுக்குச் செய்வதுபோல வருஷா வருஷம் மகாளய அமாவாசையன்று படையல் போட்டு வந்தார்கள்.

காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளத்தில் தேடினேன். ஆங்கிலத்தில் அவர் பெயரையும் ஊரையும் யாரோ காதில் விழுந்தபடி எழுதியிருந்தார்கள். ஆனால் இன்னாரின் மகன், இன்னாரின் கணவர், வட ஆற்காடு என்றிருந்த வரியில் கொள்ளுப்பாட்டி பெயர் சரியாக இருந்தது. அதற்குப் பிறகு சந்தேகமே இல்லை. இறந்த தேதியும் தூணின் எண்ணும் அங்கேயே கிடைத்தன.

தோட்டத்தின் நடுவே நீண்ட தூண் வரிசையாக நிற்கிறது ரங்கூன் நினைவகம். உடல் கிடைக்காத சுமார் 27,000 பேரின் பெயர்கள் அந்தத் தூண்களில் வெட்டப்பட்டுள்ளன. அதில் பெரும்பகுதி அன்றைய இந்திய ராணுவத்தினர். படைப்பிரிவு, பதவி, அப்புறம் அகரவரிசை என்று போகிறது. சாப்பர் என்ற தலைப்பின் கீழே விரலை வைத்துக்கொண்டே இறங்கினேன். முனுசாமி, பெருமாள், சின்னத்தம்பி என்று நம் ஊர்ப் பெயர்களாகவே வருகின்றன. அவர் பெயர் என் நெஞ்சு உயரத்தில் இருந்தது. வெயிலில் கல் சுட்டது. வெள்ளைத்தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் பெயரைப் படியெடுத்தேன். வாங்கி வந்திருந்த மல்லிகையைத் தூணடியில் வைத்துவிட்டு, வீடியோ காலில் தாத்தாவைக் கூப்பிட்டேன்.

"எங்கப்பா பேரா? கிட்டக் காட்டுடா" என்றார். அவருக்கு எண்பது தாண்டிவிட்டது. அப்பாவின் முகமே நினைவில் இல்லாதவர். ரொம்ப நேரம் பார்த்தார்.

ஊருக்குத் திரும்பியதும் ஐயர் பழைய பஞ்சாங்கத்தைப் பார்த்துச் சொன்னார்: தாரண வருஷம், மாசி மாதம், தேய்பிறை தசமி. அடுத்த மாசியில் தாத்தா முதல் முறையாகத் தன் அப்பாவுக்கு அவருடைய திதியிலேயே எள்ளும் தண்ணீரும் இறைத்தார்.

வேலூர், திருவண்ணாமலைப் பக்கம் பர்மா போய்த் திரும்பாதவர்கள் பல வீடுகளில் உண்டு. ஆணையத்தின் இணையதளத்தில் தேடும்போது மனைவி பெயரையும் ஊர்ப் பெயரையும் விதவிதமான எழுத்துக்கூட்டலில் போட்டுப் பாருங்கள். காசு எதுவும் கட்ட வேண்டியதில்லை.