சோதனைகள் இயல்பு, கசிவு நிற்கவில்லை

ஜூன் 6, 2023

மேசை விளிம்பில் மோதியபோது மகளின் நெற்றியில் வந்த இரத்தம் சிறிது நேரத்தில் நின்றுவிட்டது. மறுநாள் மாலை அதே காயம் தானாகவே மீண்டும் கசியத் தொடங்கியது. தட்டணுக்களின் எண்ணிக்கை, இரத்தம் உறைய ஆகும் நேரத்தைப் பார்க்கும் பி.டி., ஏ.பி.டி.டி. சோதனைகள் ஆகிய மூன்றும் இயல்பு என்று அறிக்கை வந்ததில் வீட்டில் அனைவருக்கும் ஆறுதல், என்னைத் தவிர.

ஜூன் 12

இரத்தவியல் மருத்துவர் அறிக்கைகளைவிடக் கேள்விகளையே நம்புகிறவர். “தொப்புள்கொடி விழுந்தபோது இரத்தம் வந்ததா? நீங்கள் இருவரும் சொந்தமா? இதுவரை பிளாஸ்மா ஏதேனும் ஏற்றினார்களா?” என்று கேட்டார். நாட்கணக்கில் தொப்புள் கசிந்ததையும், மஞ்சள் பற்றுப் போட்டதையும் அத்தை மறைக்காமல் சொன்னார். அந்த அத்தையின் மகன்தான் என் கணவர்.

வழக்கமான உறைவுச் சோதனைகள் இரத்தம் உறையத் தொடங்கும் நேரத்தை மட்டுமே அளக்கின்றன என்றும், உறைந்தபின் ஃபைப்ரின் எனும் புரத இழைகளைப் பிணைத்து உறுதியாக்கும் ‘காரணி 13’ என்ற புரதம் குறைந்திருந்தால் அவற்றில் தெரியாது என்றும் விளக்கினார். பலரும் அறிந்த இரத்தம் உறையா நோயான ஹீமோபிலியாவாக இருந்தால் ஏ.பி.டி.டி. நீண்டிருக்கும்.

ஜூன் 14

அவளுடைய இரத்த உறைவை 5 மோலார் யூரியாக் கரைசலில் இட்டுவைத்தார்களாம். இயல்பான உறைவு 24 மணி நேரமும் கரையாமல் இருக்கும். இவளுடையது அதற்கு வெகுமுன்பே கரைந்துவிட்டது. செலவு குறைந்த பழைய சோதனைதான். ஆனால் மிகக் கடுமையான குறைபாட்டை மட்டுமே காட்டும் என்பதால், காரணியின் அளவையும் மரபணுவையும் பார்க்க மாதிரி அனுப்பியிருக்கிறார்கள்.

ஜூன் 27

காரணி 13 ஒரு சதவீதத்துக்கும் கீழே. பழுதுபட்ட மரபணுவின் ஒரு பிரதி என்னிடமும் ஒன்று என் கணவரிடமும் இருக்கிறது. எங்களுக்குப் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும், ஆணாயினும் பெண்ணாயினும், இந்நோய் வர நான்கில் ஒரு வாய்ப்பு உண்டு. “எங்கள் வழியில் வந்ததா?” என்று அத்தை கேட்டார். அவரையும் என் அப்பாவையும் பெற்றவர்கள் ஒருவரே என்பதால், எந்த வழி என்று பிரித்துச் சொல்ல ஏதுமில்லை.

மூளைக்குள் கசியும் ஆபத்து இந்நோயில் மிக அதிகமாதலால், அடிபடும்வரை காத்திராமல் முன்கூட்டியே காரணியை ஏற்ற வேண்டும். அது உடலில் பாதியாகக் குறைய ஒன்பது நாள்களுக்கு மேல் ஆகும் என்பதால் நான்கு வாரத்துக்கு ஒருமுறை போதுமாம். இன்று, பிளாஸ்மாவிலிருந்து பிரித்தெடுத்த, காரணி 13 உள்ள கிரையோபிரெசிபிடேட் ஏற்றினார்கள். அடுத்தது ஜூலை 25. அன்றைக்கே அவள் தம்பிக்கும் இரத்தம் எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள்.